மண் தின்னாத பிள்ளை

செவ்வாய், காலை 9.40. திருவட்டாறிலிருந்து மார்த்தாண்டம் செல்லும் பேருந்து. பக்கத்து வரிசையில் இரண்டு பெண்கள்; இளையவளின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“மண்ணுல ஆர்சனிக் விஷம் இருக்குன்னு முகாம் போட்டாங்கல்லா, உன் மோளுக்கு என்ன சொன்னாங்க?”

“மண்ணு தின்னுவாளான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்க்கா. அப்போ டெஸ்ட் வேண்டாம்னு அனுப்பிட்டாங்க.”

“ஏட்டி, தெனமும் அள்ளி அள்ளித் திங்கியாளே!”

“வரிசைல எனக்குப் பின்னால தெருவே நின்னுது. பிள்ளைக்குச் சோறு குடுக்கலன்னு பேசுவாங்கல்லா.”

“பேசுனா பேசட்டும். இப்பமே போய் உள்ளதச் சொல்லு.”

“நேத்தோட முகாம் முடிஞ்சுட்டுதுக்கா.”

இளையவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, நகக்கண்ணில் இருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தாள்.