நாற்பது நாள் சத்தியம்

நான் நேரம் தவறாத ஆள். மாலை மணி அடிக்கும்போது வருகிறேன் என்று சொன்னால், மணிச் சத்தம் அடங்குவதற்குள் வாசலில் நிற்பேன். என் மனைவிக்கு என்னிடம் பிடிக்காத குணமே இதுதான். சொன்னது சொன்னபடி நடக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவன் மேல் பொய்ச் சத்தியக் குற்றம் சுமத்தியிருக்கிறீர்கள், நீதிபதி அவர்களே. அதனால் நீங்கள் கேட்காததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எழுத்தர் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

பழத்துக்குப் போட்ட வரியை எதிர்த்துக் கிளம்பிய கலகம் அடங்கிய பிறகு எங்கள் கடற்கோட்டையில் முப்பத்தோரு பேரை அடைத்தார்கள். கீழ் அறைகளில் கணுக்கால் வரை கடல் தண்ணீர் நிற்கும். நேப்பிள்ஸிலிருந்து வைஸ்ராய் இரக்கப்பட்டு ஒரு விதி அனுப்பினார். கைதி இனி நாற்பது நாள் தாங்கமாட்டான் என்று கோட்டை வைத்தியர் சுவிசேஷத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தால், சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலை அவனுக்குக் கொடுத்து, வீட்டில் போய்ச் சாகும்படி விட்டுவிடலாம். குழி வெட்டுகிற வேலை குடும்பத்துக்கு, நல்ல பெயர் அரசாங்கத்துக்கு. அந்த வைத்தியர் நான்தான்.

முதலில் போனவர் தித்தா என்ற கிழட்டு நெசவாளி. நுரையீரல் கந்தலாகிவிட்டது. பதினாறாம் நாள் போய்ச் சேர்ந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

இரண்டாவது ஆள் கோலா. கலகக்காரர்களுக்குத் துண்டுப் பிரசுரம் எழுதிக் கொடுத்தவன். காய்ச்சல், இருமினால் ரத்தம். ஒரு மாதம் தாண்டமாட்டான் என்று மனதார நம்பித்தான் சத்தியம் செய்தேன். அவன் மனைவி போர்சியா அவனைக் கழுதை வண்டியில் வைக்கோல் பரப்பி அழைத்துப் போனாள். கோழிச்சாறு கொடுத்தாள், வெயிலில் உட்கார வைத்தாள், மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். இதில் எது பலித்ததோ, மூன்று வாரத்தில் அவன் எழுந்து நடந்துவிட்டான்.

அப்போது எங்கள் ஊர்ப் பெண் யாராக இருந்தாலும் செய்யக்கூடிய தவறை அவள் செய்தாள். நேர்ந்துகொண்டபடி ஒரு பலகையில் படம் எழுதச் சொல்லி மாதா கோயில் சுவரில் மாட்டினாள். கோலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். மேலே மேகத்தில் மாதா. கட்டில் ஓரத்தில் நான், ஒன்றும் புரியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. கீழே பெயர், தேதி எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. நாற்பது நாள் கழியட்டும் என்று அவள் பொறுத்திருக்கலாம். ஆனால் மாதாவைக் காக்க வைக்க எங்கள் ஊரில் யாருக்குத் துணிச்சல் வரும்? படம் மாட்டிய இடம் கோட்டைத் தலைவர் தோன் இனீகோ உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே.

பூசை முடிந்ததும் என் தோளில் கை போட்டார். "என்ன வைத்தியரே, நீர் சாகப்போறான்னு சொன்ன ஆளு சுவத்துல ஜம்முனு உக்காந்திருக்கான்? உம்ம மூஞ்சிய அச்சு அசலா எழுதியிருக்கான்யா. அந்தத் திருட்டு முழியப் பாரும்!"

"இன்னும் பதிமூணு நாள் இருக்கு, தோன் இனீகோ."

"இருக்கட்டும், பாப்போம். நாப்பத்தோராம் நாள் அவன் நடமாடுனான்னா அவனத் திரும்ப உள்ள போடுவேன். அதுக்கப்புறம் உம்ம காகிதத்த நம்பி ஒரு எலியக்கூட வெளிய விடமாட்டேன்."

உள்ளே இன்னும் இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். வெளியே வர அவர்களுக்கு இருந்த ஒரே வாசல் என் வாக்கு. கோலா திரும்பி வந்தாலும் கீழ் அறையில் பத்து நாள்கூடத் தாங்கமாட்டான். நீங்களும் படித்தவர். என் இடத்தில் இருந்தால் வேறு எப்படி யோசித்திருப்பீர்கள்?

மறுநாள் போனேன். போர்சியா என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "வாங்க வைத்தியரய்யா! காலைல ரெண்டு முட்ட தின்னுட்டு இன்னும் இருக்கான்னு கேக்குறாரு பாருங்க!"

கோலா கட்டிலில் இருந்தபடியே சிரித்தான். "என்னய்யா, அளவெடுக்க வந்தீங்களா? சவப்பெட்டிக்காரன் நேத்தே கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

நானும் சிரித்தேன். உடம்பு தேற என்று சொல்லி ஒரு குப்பியைக் கொடுத்தேன். காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி.

"உங்க கை பட்ட மருந்து. நானே ஊட்டி விடுறேன்யா," என்றாள் போர்சியா.

முப்பத்தாறாம் நாள் கோலா போனான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல பையன், எனக்கு அவனைப் பிடிக்கும். அடக்கத்துக்குப் போனேன், அழுதேன். தோன் இனீகோ என்னிடம் மன்னிப்புக் கேட்டார். படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. மாதாவுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது.

அதற்குப் பிறகு என் கையெழுத்தை யாரும் சந்தேகப்படவில்லை. பதினோரு பேரை வெளியே கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், அதில் பாதிப் பேருக்கு அப்படியொன்றும் பெரிய நோய் இல்லை. ஒருவனுக்கு வெறும் மூலம். ஆனால் ஒருவர்கூட நாற்பதைத் தாண்டவில்லை. எல்லாரும் அவரவர் கட்டிலில், பெண்டாட்டி பிள்ளைகள் சுற்றி நிற்க, சுத்தமான துணியில் கண்மூடினார்கள். அந்தக் குடும்பங்கள் இன்றைக்கும் தெருவில் என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகின்றன.

போன மாதம் போர்சியா வந்தாள். அவளுடைய தம்பி சில்வியோ, இருபத்திரண்டு வயது, கோட்டையில் இருந்தான். "எனக்குன்னு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான்யா. அவரக் கடைசி வரைக்கும் எங்கூட இருக்க விட்டீங்களே, அந்தப் புண்ணியத்த இவனுக்கும் பண்ணுங்க. உங்கள விட்டா நான் யாருகிட்ட போவேன்?"

அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. அவனுக்குக் காலில் ஒரு புண். சத்தியம் செய்தேன், வெளியே விட்டார்கள். பையன் துடிப்பானவன். மாடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டே பாடுகிறான் என்று எவனோ உங்களுக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான். நீங்களும் வந்துவிட்டீர்கள். நேற்றுக் காலை அவனைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே உங்கள் காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். தேனில் குழைத்த வெள்ளைப் பாஷாணம். கோலாவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் அப்படியே எழுதுங்கள், நான் மறுக்கவில்லை. பொய்ச் சத்தியம் என்று மட்டும் எழுதாதீர்கள். சில்வியோ வெளியே வந்து இன்றைக்கு முப்பத்தெட்டாம் நாள்தான் ஆகிறது. கோட்டையில் இன்னும் பதினேழு பேர் என்னைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பை உங்கள் மேசை மேல்தான் இருக்கிறது. அதில் பச்சைக் குப்பி ஒன்று இருக்கும். யாராவது அதைப் போர்சியாவிடம் கொண்டுபோய், வைத்தியர் கொடுத்தனுப்பினார் என்று சொன்னால் போதும். மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள்.