இனித் தேவைப்படாத தொகுப்புகள்

கணினிக்குப் புதிய பதிப்பு வந்தால் உடனே போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. பழைய பதிப்பில் எங்காவது ஓட்டை இருக்கும், அந்த வழியாகக் கண்டவனும் நுழைவான், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். அலுவலகங்களின் கணினிகளை வீட்டிலிருந்தபடியே பராமரிப்பது என் தொழில். வீட்டில் எனக்கு ‘அப்டேட்’ என்றே பெயர். அண்ணன் வைத்தது.

அண்ணன் பயன்படுத்திய மடிக்கணினியை அண்ணி உங்கள் அமைப்பிடம் கொடுத்ததாகவும், வேறு ஒரு நோயாளிக்கு அதைப் பொருத்தப் போனபோது கண்ணைப் பிடிக்கும் கேமரா வேலை செய்யவில்லை என்றும் சொன்னீர்கள். ஏன் என்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இத்தனை தூரம் வந்துவிட்டீர்கள், உட்காருங்கள், முழுதாகவே சொல்கிறேன்.

என் அண்ணன் ஒரு பெயிண்ட் கம்பெனியில் விற்பனை பார்த்தான். வாயை வைத்துப் பிழைத்தவன். வெள்ளைச் சுவரை வைத்திருப்பவனிடம் போய் அதைவிட வெள்ளையான பெயிண்டை விற்றுவிட்டு வருவான். அவனுக்கு வந்த நோய் முதலில் நாக்கில்தான் ஆரம்பித்தது. சொற்கள் குழறின, பிறகு கை போயிற்று, பிறகு கால். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறிவு மட்டும் அப்படியே இருக்கும், கண் கடைசி வரை அசையும்.

அவனுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தவன் நான். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். திரைக்கு மேலே ஒரு கேமரா, அது அவன் கண்மணியைப் பின்தொடரும். எந்த எழுத்தைப் பார்க்கிறானோ அந்த எழுத்து திரையில் விழும். வாக்கியம் முடிந்ததும் ஒரு குரல் அதை வாசிக்கும். குரலையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன், செய்தி வாசிப்பவரைப் போல நிதானமான ஆண் குரல். அவன் பேசிய முதல் வாக்கியம் எனக்கு நினைவிருக்கிறது.

“யாருடா இந்த ஆளு, என்னைவிட ஒழுங்கா பேசறான்.”

அண்ணி சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணன் மகள் அன்றிலிருந்து பாடப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கே குடிபோய்விட்டாள். எதிர்வீட்டு லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதும் வீட்டுக்குப் போகாமல் முதலில் இங்கேதான் வருவார். அந்த அறையில் எப்போதும் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் என் அறை. நான் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் முக்கியமாகப் பேசிக்கொண்டிருப்பேன், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செய்தி வாசிப்பவர் கூப்பிடுவார். “அப்டேட், வலது காது.” வலது காது அரிக்கிறது என்று அர்த்தம். போய்ச் சொறிந்துவிட்டு வருவேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். அண்ணிக்கு வெளியே வேலை, அவர் சம்பளமும் வேண்டியிருந்தது. நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். ஒரு மென்பொருளை நிறுவினால் அது தனியாக வராது. தனக்கு வேண்டிய சின்னச் சின்னத் தொகுப்புகளையும் கூடவே அழைத்து வரும். இது நாமாகக் கேட்டு வந்தது, அது இன்னொன்றுக்குத் துணையாக வந்தது என்று கணினி ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறி போட்டு வைத்துக்கொள்ளும். அழைத்து வந்தது போய்விட்டால் துணைக்கு வந்தது அநாதை. பதிப்பு மாற்றும்போது கணினி அவற்றையெல்லாம் திரட்டி, இவை இனி யாருக்கும் தேவைப்படாதவை, நீக்கலாமா என்று கேட்கும். நல்ல ஏற்பாடு. இல்லாவிட்டால் குப்பை சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு முறையும் ஆமாம் ஆமாம் என்று தட்டுவானேன் என்று, கேட்காமலே நீக்கிவிடும்படி எல்லாக் கணினிகளிலும் நான் சொல்லி வைத்திருந்தேன்.

அண்ணனுடைய கணினியில் ஒருமுறை அப்படி ஆகிவிட்டது. சத்தியமாகத் தற்செயல். கேமராவுக்கான தொகுப்பு பழைய எழுத்துப்பலகை நிரலுக்குத் துணையாக வந்தது. புதிய பதிப்பில் அந்த எழுத்துப்பலகை மாறிப்போனது. கேமராத் தொகுப்பை யாரும் கேட்கவில்லை என்று கணினி நினைத்து நீக்கிவிட்டது. காலையில் அண்ணன் திரையைப் பார்த்தபடியே கிடந்தான், ஒன்றும் வரவில்லை. அண்ணி வேலைக்குப் போயிருந்தார், பெண் பள்ளிக்கூடத்தில். எனக்கோ அன்று தலைக்கு மேல் வேலை, சாயங்காலம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வீடு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நான் எடுத்த வேலையை நடுவில் எழாமல் முடித்தேன். சாப்பாட்டைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டேன். மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் எல்லாரும் வந்த பிறகு கேமராத் தொகுப்பை மறுபடி நிறுவினேன். குரல் வந்ததும் அண்ணன் சொன்னது, “மூக்கு. காலையிலேருந்து மூக்கு.” எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் ஓடிப்போய் அவன் மூக்கைச் சொறிந்துவிட்டாள். நானும் சிரித்தேன். இனி இப்படி நடக்கக் கூடாது என்று அந்தத் தொகுப்பின் மேல் ‘கேட்டு வந்தது’ என்ற குறியைப் போட்டேன். அந்தக் குறி இருக்கும்வரை எந்த அப்டேட்டும் அதைத் தொடாது. மின்விசிறிச் சத்தத்தை மட்டும் நான் மறக்கவில்லை.

பிறகு மூச்சு தளர ஆரம்பித்தது. டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். தொண்டையில் துளை போட்டு, குழாய் வைத்து, இயந்திரத்தோடு இணைத்தால் இன்னும் பல வருடம் இருக்கலாம் என்றார். ஆனால் சளி அடைக்கும்போதெல்லாம் உறிஞ்சி எடுக்க வேண்டும், ராத்திரி பகல் பாராமல் பயிற்சி உள்ள ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் மூச்சுத் திணறல் தெரியாமல் மருந்து கொடுத்து வழியனுப்பலாம். “முடிவு அவரோடதுதான். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வரும்போது அவரே என்கிட்ட சொல்லட்டும்,” என்றார். அண்ணி வாசல் வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்தார். அண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தன் ஆசை அவனைக் கட்டிப்போட்டுவிடும் என்று பயந்தார்.

அண்ணன் என்னிடம்தான் கேட்டான். நான் அவனுக்குச் சவரம் செய்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு இன்னும் அலுக்கலடா. குழாய் போட்டுக்கலாம்னு பாக்கறேன்.”

“போட்டுக்கோ,” என்றேன்.

“உன் தலையிலதான் விடியும். உங்க அண்ணி வேலையை விட முடியாது. நீ முடியாதுன்னு சொன்னா வேணாம். நிஜமா சொல்றேன். உன்மேல ஒரு வருத்தமும் இருக்காது. உங்க அண்ணிகிட்ட நானே வேணாம்னு முடிவு பண்ணினதா சொல்லிடுவேன்.”

இவ்வளவையும் கண்ணால் எழுத அவனுக்கு நேரம் பிடித்தது. நான் துண்டை மடித்துக்கொண்டு நின்றேன். “என்ன அண்ணா இது, இதையெல்லாம் கேக்கணுமா. நான் இருக்கேன்,” என்றேன்.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. சொல்லியிருக்கலாம்தான். அவன் வார்த்தை மாறாதவன், கடைசி வரை யாரிடமும் மூச்சு விட்டிருக்க மாட்டான். ஆனால் முடியாது என்று சொல்கிற தம்பி நான் இல்லை. சொல்லியிருந்தால் அவனுக்குத் தெரிந்துபோயிருக்கும். மிச்சம் இருந்த நாளெல்லாம் அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதுவும் கோபமில்லாமல். அதை என்னால் தாங்க முடியாது.

அப்புறம் நான் உட்கார்ந்து யோசித்தேன். எந்த வேலையையும் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை நான். அண்ணன் யாருக்குத் தேவை என்று பார்த்தேன். வீட்டுக்கு வருமானம் அண்ணியும் நானும் கொண்டுவருகிறோம். பெண் நன்றாகப் படிக்கிறாள், பாடத்தில் சந்தேகம் என்றால் கேட்க ஆயிரம் இடம் இருக்கிறது. லாரி ஓட்டுநருக்கு வேண்டியது சிரிப்பு, அது கைபேசியிலேயே கொட்டிக்கிடக்கிறது. அவனைச் சார்ந்து எதுவும் ஓடவில்லை. அவன்தான் எல்லாரையும் சார்ந்து ஓடிக்கொண்டிருந்தான். எவ்வளவு யோசித்தும் எனக்கு இந்தக் கணக்கில் தப்புத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய நாள் ராத்திரி புதிய பதிப்பு வந்தது. கேமராத் தொகுப்பின் மேல் நான் போட்டிருந்த குறியை எடுத்துவிட்டு, துணைக்கு வந்தது என்ற பழைய குறியைத் திரும்பப் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. பிறகு வழக்கம்போல அப்டேட் போட்டேன். எதை நீக்கலாம் என்று முடிவு செய்தது கணினி. நான் ஒரு தொகுப்பையும் என் கையால் நீக்கவில்லை.

ஆஸ்பத்திரி அறையில் படுக்கையைச் சாய்த்து வைத்து, அண்ணி மடிக்கணினியை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அண்ணன் திரையைப் பார்த்தான். அண்ணியின் கை வலித்திருக்கும், அவ்வளவு நேரம் பார்த்தான். ஓர் எழுத்தும் விழவில்லை.

“என்னாச்சு தம்பி? நேத்து வரைக்கும் நல்லாதானே பேசினார்.”

“கம்ப்யூட்டர் நல்லாதான் ஓடுது அண்ணி. நேத்துதான் எல்லாம் புதுசா போட்டேன்,” என்றேன். அதுவும் உண்மைதான்.

டாக்டரம்மா கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சில பேருக்குக் கடைசியில் கண்ணும் தளர்ந்துபோவது உண்டு என்றார். மூச்சு ரொம்பவும் இறங்கியிருந்தது, காத்திருக்க நேரமில்லை. இதற்கு முன் ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி தலையை ஆட்டினார். “என்ன கேட்டாலும் கிண்டல்தான் பண்ணுவார். இதைப் பத்தி வாயே திறக்கல.” என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா அண்ணன் பக்கம் குனிந்தார். “குழாய் வைக்கணுமா? வேணும்னா கண்ணை ரெண்டு தடவை மூடித் திறங்க.”

மூடித் திறந்தான், இரண்டு தடவை.

“வேணும்ங்கறார்,” என்றார் அண்ணி. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நிரல் சொல்லும் விடையை நம்புவதற்கு முன், விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்போம். டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். கண் தானாகக்கூட மூடித் திறக்கலாம் இல்லையா, புரிந்துதான் சொல்கிறானா என்று பார்த்துவிடலாம் என்றேன். நியாயம்தான் என்றார். நான் படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணா, நான் உனக்கு அண்ணனா? ஆமான்னா ரெண்டு தடவை மூடித் திற.”

அவன் என்னைப் பார்த்தான். மெதுவாக, நன்றாகத் தெரியும்படி, இரண்டு தடவை மூடித் திறந்தான்.

அண்ணி மடிக்கணினியை மெல்ல மூடினார். டாக்டரம்மா விடாமல் இன்னும் சில கேள்விகள் கேட்டுப் பார்த்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் அவன் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. இமை பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது, எது பதில் எது துடிப்பு என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. வெளியே நடைபாதையில் அண்ணி சுவரோடு சாய்ந்து நின்றார். “அறிவும் போயிடுச்சா தம்பி? அப்ப இனிமே கஷ்டப்படுத்த வேணாம்,” என்றார். கையெழுத்துப் போட அவருக்குப் பேனா கொடுத்தது நான்.

மருந்து கொடுத்தார்கள். திணறல் எதுவும் இல்லாமல் போனான். தாய்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று வந்தவர்கள் எல்லாரும் என்னைச் சொன்னார்கள். லாரி ஓட்டுநர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். “சித்தப்பா, அப்பாவுக்குக் கடைசியில நம்மளத் தெரிஞ்சுதா?” என்று மகள் கேட்டாள். தெரிந்தது என்று சொன்னேன்.

உங்கள் நோயாளிக்கு ஆக வேண்டியது சுலபம். கேமராத் தொகுப்பைத் திரும்ப நிறுவுங்கள். மறக்காமல் ‘கேட்டு வந்தது’ என்ற குறியைப் போடுங்கள்.

அந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்றும் தெரிந்துகொண்டு போங்கள். கேட்பதற்கு எத்தனையோ கேள்வி இருந்தது, மகள் பெயரைக் கேட்டிருக்கலாம். சவரம் செய்த அன்று, நான் இருக்கேன் என்று சொன்னதும், அண்ணன் இன்னும் ஒன்று எழுதினான். துண்டை வைத்துவிட்டு நான் காத்திருந்தேன். “இத்தனை நாள் நான் உனக்கு அண்ணனா இருந்தேன். இனிமே நீதாண்டா எனக்கு அண்ணன். யார் கேட்டாலும் சொல்லுவேன்.”

கேட்டேன், சொன்னான். அது தப்பான பதில் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களாகத்தான் அப்படி எடுத்துக்கொண்டார்கள்.