தோள்வலிக்கு ஒரு பெட்டி

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. துணிக்கடைக்காரனுக்கு நின்றே பழக்கம்.

கடையில் உட்கார்ந்திருந்தது அண்ணன். இடது தோளில் பிடித்து முதுகுவரை இறங்கும் வலி, வருடக்கணக்காக. நெஞ்சில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்த பிறகும் வீட்டில் இருக்க மாட்டேன் என்றார். வாடிக்கையாளரை நான் மெல்ல மெல்ல ஒரு விலைக்குப் பழுக்க வைத்திருப்பேன், பின்னாலிருந்து "அம்மா..." என்று ஒரு முனகல் எழும். துக்க வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று அவர் நழுவிவிடுவார். எனக்கும் தலை நரைத்துவிட்டது. "வலி தீரட்டும்டா, கடையை நீயே பாரு" என்பார் அண்ணன். தைலம், மாத்திரை, ஊசி, எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

பிறகுதான் பிசியோதெரபி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். ஒயர் நுனியில் இருக்கும் பட்டைகளை வலிக்கும் இடத்தில் ஒட்டினால் லேசான மின்சாரம் நரம்பைச் சீண்டும்; மூளை வலியைக் கவனிக்காதாம். கவனத்தைத் திருப்பி விற்பது எங்கள் தொழிலும்தான், உடனே பிடித்துவிட்டது.

"நெஞ்சுல பேஸ்மேக்கர் ஏதாவது இருக்கா, ஐயா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"இல்லம்மா" என்றேன் நான்.

எங்கள் கடையில் ஒருவர் பேரம் பேசும்போது மற்றவர் குறுக்கே மறுத்துப் பேசும் வழக்கமில்லை. அண்ணனுக்குச் சட்டையைக் கழற்றக் கூச்சம் என்றும் சொல்லிவைத்தேன். ஒட்டும் விதத்தை அந்தப் பெண் என் தோளிலேயே காட்டினார். வெளியே வந்ததும் அண்ணன் ஏன் என்று கேட்டார்.

"இருக்குன்னா பெட்டியத் தரமாட்டாங்கண்ணே."

"பொல்லாத பயடா நீ" என்று முதுகில் தட்டினார்.

தினமும் நான்தான் பட்டை ஒட்டினேன். வலி குறைந்தது, உண்மை. ஒருநாள் பெட்டியின் திருகைத் திருப்பி மின்சாரத்தைச் சற்றுக் கூட்டியதும் அவர் கண் செருகிச் சாய்ந்தார். அணைத்தேன். விழித்து, "தூங்கிட்டேனா?" என்றார். ஆமாம் என்றேன். மின்சாரம் தோளோடு நிற்கவில்லை, நெஞ்சிலிருக்கும் கருவியையும் குழப்புகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று மாலையே மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "வலியே இல்லடா. இன்னும் பத்து வருஷம் கடைய நானே பாத்துக்குவேன்."

வலி இருந்தால் கடை இல்லை. வலி போனாலும் கடை இல்லை. இப்படி ஒரு வியாபாரத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

மறுநாள் மதியம் பட்டையைத் தோளிலிருந்து நெஞ்சுப் பக்கம் இறக்கி ஒட்டினேன். திருகைக் கடைசிவரை கூட்டினேன். சாய்ந்தார். அப்போதே ஏன் அணைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அந்த முகத்தில் அத்தனை நிம்மதியை நான் கண்டதே இல்லை, ஐயா. நேரம் முடிந்து பெட்டி தானாக அணையும்வரை பக்கத்திலேயே இருந்தேன். வைத்தியத்தைப் பாதியில் நிறுத்துவது பாவம்.