குப்பாயியின் சேலை

இந்த மேசையின் ஒரு கால் கட்டையாக இருக்கிறது, ஐயா. ஒரு காகிதத்தை நான்காக மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. மேசை ஆடினால் எழுத்து கோணிப்போகும். பதினெட்டு ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதியவன் என்பதால் சொல்கிறேன்.

என் பெயர் கிரகரி. வயது நாற்பத்தொன்று. யுத்தம் வந்த பிறகு சாமியார் மலையேறி வராததால் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக் கோயிலில் செபம் சொல்லி வைத்ததும் நான்தான். ஜப்பான்காரன் போன பிறகு இந்த விசாரணையில் நீங்கள் கேட்பது வேலப்பனைப் பற்றி. அவனைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் முதலில் குப்பாயியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

குப்பாயி என்று ஒருத்தி கிடையாது. அவள் ஒரு படம். வேலப்பன் தேயிலைப் பெட்டிகளின்மேல் எழுத்தும் எண்ணும் போடுகிறவன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் சுவரில் வாரம் ஒருமுறை கரியாலும் செங்கல் தூளாலும் ஒரு வேடிக்கைப் படம் வரைவான். அடுத்த வாரம் அதைச் சுண்ணாம்பால் அழித்துவிட்டு அதே இடத்தில் வேறொன்று வரைவான். எல்லாப் படத்திலும் குப்பாயி இருப்பாள். பருத்த உடம்பு, முதுகில் கூடை, முழங்காலுக்கு மேலே தூக்கிச் சொருகிய சேலை, ரவிக்கை கிடையாது. கங்காணியிடம் வாயாடுவாள். துரையின் நாயைத் துரத்துவாள். ஒருமுறை நிறுவைத் தராசில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள். யுத்தத்துக்கு முன்னால் பத்து வருடங்களாக அவள் எங்கள் தோட்டத்து ஆள். லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாகவே பேசுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அப்போது அவள் தோட்டத்துக்குள்ளேயே இருந்தாள்.

நாற்பத்து மூன்றில், தோட்டத்தை எடுத்துக்கொண்ட ஜப்பான் துரைக்கு அந்தப் படம் பிடித்துப்போயிற்று. ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போகும் தேயிலைப் பெட்டிகளின்மேல் குப்பாயியை அச்சாகப் போடவேண்டும் என்றார். என்ன உடையில் போடுவது என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள், அது உங்கள் ஆட்களின் பழக்கம் என்று என்னிடம் விட்டுவிட்டார். நல்ல மனிதர். அதில் அவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை.

நம் வீட்டுப் பெண்ணைத் தொடை தெரிய நிறுத்திப் பசார் பசாராக அனுப்புவதா என்று நான் கேட்டேன். நியாயமான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கேள்வி லயம் லயமாகப் பரவியது. குழாயடியிலும் தேயிலை மலையிலும் அதே பேச்சு. அண்ணன் தம்பிகள்கூட அதற்காக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். பெரிய கங்காணி பழனியப்பன் என் பக்கம். சேலையைக் கணுக்கால்வரை இறக்கி, கை மூடிய ரவிக்கை போட்டால் போதும் என்றார் அவர்.

அந்த நாட்களில்தான் நான் அந்தப் படத்தை முதன்முதலாகக் கவனித்துப் பார்த்தேன். இடது முழங்காலில் குறுக்காக ஒரு கோடு இருந்தது. தழும்பு மாதிரி.

என் மனைவி கத்தரீனின் இடது முழங்காலில் அப்படி ஒரு தழும்பு உண்டு. பதினைந்து வயதில் கவாத்துக் கத்தி பட்டது. அவளும் கொழுந்து பறித்தவள்தான். நான் கட்டிக்கொண்ட பிறகு அவளை மலைக்கு அனுப்பவில்லை.

படத்தின் அருகில் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். போகவில்லை. கொட்டகையில் எந்நேரமும் ஆட்கள் இருப்பார்கள். ஒரு பெண்ணின் முழங்காலைக் குனிந்து பார்க்க என் மதிப்பு இடம் தரவில்லை. எட்டு அடி தள்ளி நின்று பார்த்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

கத்தரீனிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். அவள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வேலப்பன் உன்னைய எப்பப் பார்த்தான்?"

"ஒரே லயத்துல வளர்ந்தோம். ஆயிரம் தடவ பார்த்திருப்பான்."

"முட்டிய?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கொழுந்து பறிக்கிறவ முட்டிய யாருதாங்க பார்க்கல? நீங்களும் அங்க வச்சுத்தான பார்த்தீங்க."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. பதில் தயாராக இருந்தது என்பதைக் கவனித்துக்கொண்டேன். மடியில் கனம் இல்லாதவள் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவள் தண்ணீருக்குப் போனால் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறாள் என்று பார்த்தேன். கொட்டகை வழியாகப் போகிறாளா, கோயில் வழியாகப் போகிறாளா என்று பார்த்தேன். கோயில் வழியாகத்தான் போனாள். என்னை ஏமாற்ற அப்படிச் செய்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

கூட்டத்தைக் கொட்டகையிலேயே வைத்தோம். அறுபது பேர் இருக்கும். வெளியே பனி இறங்கி எதிர் மலை தெரியவில்லை. நான் நோட்டை விரித்து யார் என்ன சொன்னார் என்று எழுதினேன். கூட்டம் என்றால் குறிப்பு இருக்கவேண்டும்.

பழனியப்பன் மானம் மரியாதையைப் பற்றிப் பேசினார். பலர் தலையாட்டினார்கள். பிறகு மணியம்மா எழுந்தாள். ஐம்பது வயது, எட்டாம் நம்பர் மலையில் முதல் வரிசைக்காரி. அவள் இடுப்பில் சுற்றியிருந்தது கோணிச்சாக்கு. அந்த வருடம் துணி எங்கும் கிடைக்கவில்லை. இரண்டு பெண்களுக்கு ஒரு சேலை என்று இருந்த வீடுகள் உண்டு. ஒருத்தி வேலைக்குப் போனால் மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள்.

"சேலைய கணுக்கால் வரைக்கும் விட்டா அவ செடிக்குள்ள எப்படி நடப்பா, கிராணி ஐயா? ஈரத்துல நனைஞ்சு இழுத்துப் போட்டுரும். அட்டை ஏறுனாலும் தெரியாது," என்றாள். பிறகு, "எங்க உடம்புல கிடக்கிறது சாக்கு. அதப் பார்த்து யாரும் கூட்டம் போடல. சுவத்துல இருக்கிறவளுக்குப் போட்டிருக்கீங்க," என்றாள்.

அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன்.

வேலப்பனைக் கேட்டோம். அவன் கூட்டத்தில் பேசிப் பழகாதவன். தலையைச் சொறிந்துகொண்டு, "அவ சேலைய நான் தூக்கலீங்க. வேலை தூக்கிச்சு. நீங்க இறக்கச் சொன்னா இறக்கிடுறேன் லா," என்றான்.

கை தூக்கச் சொன்னேன். மாற்றவேண்டும் என்றவர்கள் பெரும்பாலோர். மாற்றவேண்டாம் என்று தூக்கிய கைகள் பத்து. ஒன்பது பெயர்களை வரிசையாக எழுதினேன். ஆறு ஆண்கள், மூன்று பெண்கள். பத்தாவது கை கத்தரீனுடையது. அவள் பின்னால், கொழுந்துக் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள். அதை நான் எழுதவில்லை. என் குறிப்பில் உள்ள ஒரே பிழை அதுதான்.

என் பக்கம் ஜெயித்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கும், ஐயா. முடித்துக்கொள்ள நான் தயாராக இருந்தேன்.

அடுத்த ஞாயிறு செபம் முடிந்து வந்தபோது கொட்டகையில் கூட்டம். வேலப்பன் சொன்ன சொல் தவறவில்லை. குப்பாயிக்குக் கழுத்திலிருந்து கால்விரல்வரை சேலை, மணிக்கட்டுவரை ரவிக்கை. சேலைக்குச் செங்கல் தூளைக் குழைத்து அப்பியிருந்தான். அவள் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கிறாள். சேலை நான்கு இடத்தில் செடியில் மாட்டியிருக்கிறது. அவளுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மனிதன், கையிடுக்கில் நோட்டை வைத்துக்கொண்டு, சேலையின் கரையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி குனிந்து வருகிறான்.

எங்கள் தோட்டத்தில் கண்ணாடி போட்டவன் நான் ஒருவன்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். பழனியப்பன்கூட மீசையைத் துடைக்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டார். அது எனக்குப் பெரிதில்லை. சிரிப்புக்கு நடுவில் கத்தரீனின் சிரிப்பு கேட்டது. யுத்தம் தொடங்கிய பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. இரண்டு வருடமாக வராத சிரிப்பு அவனுக்காக வந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். முழங்காலில் இருந்த அந்தக் கோடு இப்போது இல்லை. சேலைக்கு அடியில் போய்விட்டது. எதை மறைக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று முடிவு செய்தேன்.

அன்று மத்தியானமே தானா ராத்தாவில் இருந்த ஜப்பான் ராணுவப் போலீசான கெம்பெத்தாய் அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். அவர்களுடைய மொழிபெயர்ப்பாளனுக்கு மலாய்தான் தெரியும் என்பதால் மலாயில் எழுதினேன். தோட்டத்துச் சுவரில் வாராவாரம் ஒரு படம் மாறுகிறது. அது ஜப்பானை எதிர்த்துக் காட்டுக்குள் இருக்கும் ஆட்களுக்குக் கொடுக்கும் அடையாளமாக இருக்கக்கூடும். சேலை மாட்டியிருக்கும் நான்கு இடங்கள் நான்கு காவல் சாவடிகளாக இருக்கக்கூடும். கூடையில் தெரியும் இலைகள் சிப்பாய்களின் எண்ணிக்கையாக இருக்கக்கூடும். அப்படித்தான் என்று நான் எங்கும் சொல்லவில்லை. 'இருக்கக்கூடும்' என்ற சொல் அந்தக் கடிதத்தில் மூன்று முறை வருகிறது. மொழிபெயர்ப்பில் அது விழுந்துபோயிருந்தால் நான் என்ன செய்யமுடியும்?

இந்தப் படத்தை மாற்றக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவர்கள் யார் என்பதும் தெரிந்தால் நல்லது என்று, கூட்டக் குறிப்பின் நகலையும் சேர்த்து அனுப்பினேன். மூலம் என் பெட்டியில் இருந்தது. அதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவள் யார் என்று எனக்குத் தெரியும். அவளைக் குறை சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலைப் பெயர் கூப்பிடும்போது லோரி வந்தது. வேலப்பனை முதலில் ஏற்றினார்கள். பிறகு பட்டியலைப் பார்த்து ஒன்பது பேரை. மணியம்மா என் பக்கம் திரும்பி, "எழுதினது இதுக்குத்தானா, கிராணி ஐயா?" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. கத்தரீன் வாசலில் நின்று பார்த்தாள். தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. கூப்பிடவில்லை என்றதும் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. என்னால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதை அவள் யோசிக்கவில்லை.

புதன்கிழமை அந்தச் சுவரை நானே சுரண்டினேன். வேறு யாரையும் விட மனமில்லை. ஈரத்துணியால் செங்கல் தூளைத் துடைத்தபோது முழங்கால் இருந்த இடத்தில் அந்தக் கோடு திரும்ப வந்தது. இன்னும் துடைத்தேன். கோடு முழங்காலோடு நிற்கவில்லை. செடியைத் தாண்டி, கண்ணாடிக்காரனைத் தாண்டி, கூரைக் கட்டைவரை போயிற்று. போன மழையில் சுவர் வெடித்திருக்கிறது. வெடிப்பில் கரித்தூள் படிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஆமாம், அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது அவர்கள் எல்லாரும் தானா ராத்தாவில்தான் இருந்தார்கள் என்பதும் தெரியும். வெள்ளிக்கிழமைதான் லோரி அவர்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கியது. நடுவில் ஒரு முழு நாள் இருந்தது. நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. வியாழக்கிழமை ஆறு மைல் நடந்து அங்கே போனேன். அதிகாரி உட்காரச் சொன்னார். எங்கள் தோட்டத்துத் தேயிலைதான் கொடுத்தார். உள்ளே ஓர் அறையிலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேலப்பனின் குரல்தான். பத்து வருடம் கேட்ட குரலில்லையா? நான் குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. மறுநாள் லோரியில் அவன் ஏறவில்லை.

பெண்கள் மூவரையும் சனிக்கிழமை விட்டார்கள். மணியம்மாவுக்கு இப்போது ஒரு காது கேட்காது. ஆண்கள் ஆறு பேரும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனார்கள். திரும்பி வந்தது கந்தசாமி ஒருவன்.

நான் அங்கே போனது ஒரு திருத்தத்துக்காக. என் குறிப்பில் தங்கையா என்று மட்டும் எழுதியிருந்தேன். தோட்டத்தில் இரண்டு தங்கையா. கூட்டத்தில் கை தூக்கியவன் கீழ் லயத்துத் தங்கையா, கல்யாணமாகி நாற்பது நாள் ஆனவன். அவர்கள் ஏற்றிக்கொண்டு போனது மேல் லயத்துத் தங்கையாவை. நான்கு பிள்ளைகளின் தகப்பன். கூட்டத்தன்று காய்ச்சலில் படுத்திருந்தான். என் எழுத்தால் ஒருவனுக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்று அதிகாரியிடம் விவரமாகச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். அன்று சாயங்காலமே ஒருவனை இறக்கிவிட்டு மற்றவனை ஏற்றிக்கொண்டார்கள்.

மேல் லயத்துத் தங்கையா இன்றும் என்னைக் கண்டால் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கும்பிடுகிறான். அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஐயா. ஒரு தப்பும் செய்யாதவன் கஷ்டப்படுவதை இந்தக் கிரகரி பார்த்துக்கொண்டு இருப்பானா என்று.