பான்கேக் இனித்த உயரம்

காற்று மெலிந்தாலும் கருணை மெலியாத இந்தக் கொலராடோ மலைச்சீமையின் பறப்போர் சங்கத் தலைவர், ஆண்டுதோறும் இதே விமானக் கொட்டகையில் அடுப்பேற்றி, அடி கரிந்து நடு வேகாத பான்கேக்கை நம் தட்டில் அஞ்சாமல் இடும் அண்ணன் வெண்டெல் க்ரோக் அவர்களே! பனிப்புயலில் பறந்த பெருமையைப் பாதி கூட்டியே சொல்லும் பெரியோர்களே! அந்தப் பொய்களைப் பொறுத்துப் பொறுத்தே பூமியாகிவிட்ட தாய்மார்களே! அனைவருக்கும் இந்த லோர்னா ஹெட்ஸ்ட்ரமின் எரிச்சல் கலந்த வணக்கம்.

ஏன் எரிச்சல் என்கிறீர்களா? ஒரு சொல்லால் வந்த எரிச்சல். 'உயரம்' என்ற ஒரே ஒரு சொல்!

பனி விழுந்தால் நம் கணவாய்ச் சாலை மூடும். சாலை மூடினால் நோயாளி என்ன செய்வார்? வசந்தம் வரை வலியை ஒத்திவைப்பாரா? அதற்காகத்தானே ஊர்கூடிப் பழ அப்பம் சுட்டு விற்று, அறைக்குள் காற்றை அடைத்துக்கொண்டு இருபத்தையாயிரம் அடிக்கு மேலே போகும் அந்த விமானத்தை வாங்கினோம்? வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதை ஓட்டுவதற்கு உயரப் பறக்கும் பயிற்சி முடித்து, பயிற்சியாளரின் ஒப்புதல் கையெழுத்தும் வாங்க வேண்டுமாம். கையெழுத்து இல்லையேல் விமானம் வெறும் கோழிக்கூடு.

நமக்கா உயரப் பயிற்சி? நம் ஓடுபாதையே பத்தாயிரம் அடி உயரத்தை எட்டிப் பிடிக்கிறதே! பிறந்ததே உயரத்தில்தான், உனக்கெதற்குப் பாடம் என்று ஊரே என்னை ஏற்றிவிட்டது. நானும் ஏறிக்கொண்டு போய்ப் பயிற்சியாளர் டெல்பர்ட் யோஸ்ட்டிடம் நின்றேன். கான்சாஸ் சமவெளிக்காரர், மேடென்றால் வேகத்தடையை மட்டும் அறிந்தவர். அவர் சொன்னார்:

"நீ பொறந்தது பத்தாயிரம் அடியில. போகப்போறது இருபத்தாறாயிரம். நடுவுல பதினாறாயிரம் இருக்கேம்மா, அது யாரு வீட்டு மாடி?"

சிரிக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை. மூச்சைப் படி என்றார், வானிலையைப் படி என்றார், காற்று கசிந்தால் கல்லாய்க் கீழிறங்கப் பழகு என்றார். எல்லாம் செய்தேன். அதுவும் போதாதென்று, காற்றை உறிஞ்சி எடுக்கும் இரும்பு அறை ஒன்றில் என்னையும் என் துணை விமானி ருஃபினா ஆர்ச்சுலெட்டாவையும் உட்காரவைத்து, ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிக் கணக்குப் போடச் சொன்னார். ருஃபினாவுக்கு விரல் குறுகுறுத்தது, உடனே முகமூடியை மாட்டிக்கொண்டாள். எனக்கு? ஒன்றுமே ஆகவில்லை! அப்படித்தான் வெளியே வந்து வாதாடினேன்.

டெல்பர்ட் என்னைப் பார்க்கவே இல்லை. ருஃபினாவிடம் சொன்னார்: "மூச்சு கொறைஞ்சதும் உள்ள இருந்து என்னைத் தங்கமான மனுசன்னு சொன்னாங்க. அதான் இவங்க நோய்க்குறி. இந்தம்மா என்னிக்குக் குறை சொல்றத நிறுத்துறாங்களோ, அன்னிக்கு மாஸ்க்கை மாட்டு. காரணத்தை அப்புறம் கேளு."

கையெழுத்து கிடைத்தது, மானம் போனது.

போன குளிர்காலத்தில் ஒரு குழந்தையை ஒமாஹா மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தோம். கதவு ரப்பர் வழியே காற்று கசிந்தது. எச்சரிக்கை மணி ஊமையாய்க் கிடந்தது. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஆனந்தம்! மேகம் அழகு, மலை அழகு, இந்த வட்டார நிர்வாகமே அழகு. வாழ்நாளில் முதன்முறையாக உலகத்தின்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. உருகிப்போய்ச் சொன்னேன்:

"ருஃபினா, நம்ம வெண்டெல் அண்ணன் பான்கேக்கை என்ன பதமா சுடுறாரு!"

அவள் முதலில் தன் முகமூடியை மாட்டினாள், அடுத்து என் முகத்தில் ஒன்றை அறைந்து பொருத்தினாள், விமானத்தின் மூக்கைக் கவிழ்த்தாள். மூச்சு திரும்பியதும் நான் பேசிய முதல் பேச்சு, "யாரைக் கேட்டுடி இறக்குற?"

"வந்துட்டியாக்கா," என்றாள். அழுதிருந்தாள்.

ஆபத்து அலறிக்கொண்டு வரும் என்றா நினைத்தீர்கள்? இல்லை, அன்பர்களே, இல்லை! அது மாலையோடு வரும், மயிலிறகால் தடவும், நீதான் மகாராணி என்று சொல்லும். சொல்லிக்கொண்டே கொல்லும்! அதனால்தான் கேட்கிறேன். அடுத்து அந்த விமானத்தை ஓட்டப்போகும் தம்பி கோல்பி, நேற்று டெல்பர்ட்டிடம் போய், "நாங்க பொறந்ததே உசரம், சும்மா கையெழுத்துப் போட்டுக்குடுங்க" என்றாயாமே? உயரம் உன் ஊருக்குத் தெரியும். உன் மூளைக்குத் தெரியுமா? மயக்கம் வந்தால் நீ அழுவாயா, ஆடுவாயா, என்னைப் போல் நல்லவனாகிவிடுவாயா? உனக்கே தெரியாதபோது, உன் பக்கத்தில் இருப்பவன் எதைப் பார்த்து உன்னைக் காப்பான்? பின்னால் படுத்திருக்கும் நோயாளி யாரை நம்பிக் கண்ணை மூடுவார்? போ, அந்த இரும்பு அறையில் போய் உட்கார்!

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நன்றி சொல்லும் நேரம். கேட்ட உங்களுக்கு நன்றி. தங்கமான மனிதர் டெல்பர்ட்டுக்கு நன்றி... ருஃபினா, உட்கார். பையிலிருந்து முகமூடியை எடுக்காதே. எனக்கு ஒன்றுமில்லை.

வெண்டெல் அண்ணே, உங்கள் பான்கேக் இந்த ஆண்டும் வேகவில்லை. வணக்கம்.