கயிறு பிடிக்கும் ஆள்

எக்ஸ் எழுத்துக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம், ஐயா. பி என்றால் பாக் இருக்கிறார். கியூவுக்கு குவான்ஸ் என்று ஒரு புல்லாங்குழல்காரர். எக்ஸுக்கு செனாக்கிஸ் என்ற கிரேக்கரைத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் அந்த இடத்தில் விழுந்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்டது நதானியேலைப் பற்றி. அங்கேதான் வருகிறேன். விளையாட்டு விளங்காமல் மற்றது விளங்காது.

போனில் வரும் விளையாட்டு அது. ஏ முதல் இசெட் வரை இருபத்தாறு கேள்வி. எல்லாம் மேல்நாட்டு இசைக்காரர்கள். பத்து நிமிடம்தான் தருவார்கள். நானும் நதானியேலும் ஒன்பது வருடமாகக் கிணறு துப்புரவாக்குகிறோம். அவன் உள்ளே இறங்குவான், நான் மேலே கயிறு பிடிப்பேன். தேத்தண்ணி நேரத்தில் விளையாடுவோம். நான் பெயரைச் சொல்ல அவன் தட்டுவான். கல்லுடைத்துத் தடித்த விரல் என்னுடையது, ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று விழும். போன் அவனுடையது என்பதால் புள்ளி அட்டவணையில் அவனுடைய பெயர்தான் நின்றது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். நதானியேலோடு சேருமுன், பண்டத்தரிப்பில் ஒரு போதகர் வீட்டுக் கிணற்றை ஒரு மாதம் ஆழப்படுத்தினேன். போதகரின் மனைவி மனோன்மணி அம்மா வீட்டுக்குள் பியானோ வாசிப்பார். கிணற்றின் அடியில் வேறொரு சத்தமும் கேட்காது, அது மட்டும் இறங்கி வரும். நான் சுத்தியலை வைத்துவிட்டு நிற்பேன். மேலே ஏறியதும், "இது ஆரின்ரை பாட்டு அம்மா?" என்று கேட்பேன். அவர் சொல்லும் பெயரை வைத்துக்கொள்வேன். இதை நான் நதானியேலுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

மூன்று மாதம் முதலிடத்தில் நின்றதால் விளையாட்டுக்காரர்கள் அவனை வீடியோவில் பேட்டி எடுத்தார்கள். அவன் என்னிடம் மூச்சுவிடவில்லை. அவனுடைய தங்கை துஷாந்தினிதான் சந்தையில் மறித்து, "கனிசியஸ் அண்ணை, எங்கடை அண்ணா கதைக்கிறதைப் பாருங்கோ" என்று காட்டினாள்.

போதகர் வீட்டுக் கிணறு, பியானோ, சுத்தியலை வைத்துவிட்டு நின்றது, எல்லாம் சொன்னான். தனக்கு நடந்ததாகச் சொன்னான். உதவிக்கு யாரும் உண்டா என்று கேட்டார்கள். "மேலை கயிறு பிடிக்க ஒரு ஆள் இருக்கு. பாவம், அந்தாளுக்கு உதுகள் விளங்காது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அளவெட்டியில் பாலேஸ்வரி அக்கா வீட்டு வேலை. ஆழக் கிணறு என்பதால் தண்ணி இறைக்கிற மெசினைக் கிணற்றின் உள்தட்டில் இறக்கி ஓட்டினோம். புகை உள்ளேயே நின்றது.

"என்ன அண்ணை, மூஞ்சி ஊதிக்கிடக்கு? செனாக்கிஸ் செத்திட்டாரோ?" என்றான்.

"அவர் எப்பவோ செத்திட்டார். வீடியோவிலை என்னடாப்பா கதைச்சனி?"

"அதோ? சும்மா பம்பலுக்கு அண்ணை."

இறங்குமுன் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி உள்ளே விடுவது எங்கள் வழக்கம். அது அணைந்தால் உள்ளே மூச்சுக்குக் காற்றில்லை, ஆள் இறங்கக் கூடாது. பார்த்துச் சொல்வது கயிறு பிடிப்பவனின் வேலை. அவன் திரும்பி நின்று இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்பது வருடத்தில் அவன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"லாம்பு எரியுதோ அண்ணை?"

"ஓம், எரியுது" என்றேன்.

லாம்பை மேலே எடுத்துத் திரும்பக் கொளுத்திக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். அவன் வழக்கம்போலப் போனை என்னிடம் தந்துவிட்டு இறங்கினான்.

அன்றைய விளையாட்டை நானே தொடங்கினேன். இடது கையில் சுற்றிய கயிறு, வலது கையில் போன். டி எழுத்தில் நிற்கும்போது கயிறு இரண்டு தரம் இழுபட்டது. இரண்டு தரம் என்றால் தூக்கு என்று அர்த்தம். எஃப் எழுத்தில் ஒரு தரம். பிறகு இல்லை. பாலேஸ்வரி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து, "தம்பியின்ரை சத்தத்தைக் காணேல்லை?" என்றார். "சேறு அள்ளுறான் அக்கா" என்றேன். எக்ஸ் வரைக்கும் போனேன். பெயர் தெரியும், விரல்தான் பிழைத்தது. நேரம் முடிந்துவிட்டது.

நான் அவனைக் கைவிட்டதாக ஊர் கதைக்குமாம். நீங்கள் வந்து என் கையிலிருந்து அவிழ்க்கும்வரை அந்தக் கயிற்றை நான் விடவேயில்லை, ஐயா.