சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது, சார். நாற்பது வீடுகள் கொண்ட குடியிருப்புக்குச் செயலாளர் என்றால் சும்மாவா? சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

வாசல் பாதுகாப்புக்கென்று செயலி ஒன்றைப் போட்டோம். பிறந்த தேதி, வண்டி எண், முந்தைய முகவரி, அவசரத்துக்கு அழைக்க ஒருவர் என்று எல்லாக் கட்டத்திலும் சிவப்பு நட்சத்திரம். நிரப்பியே ஆகவேண்டும். முப்பத்தொன்பது வீட்டாரும் முணுமுணுத்துக்கொண்டே நிரப்பிவிட்டார்கள். மூன்றாம் மாடியில் தனியாக இருந்த தையற்காரப் பெண் மட்டும் பிடிகொடுக்கவில்லை. பெயரையும் கைப்பேசி எண்ணையும் தந்ததோடு சரி.

முழங்கால் வலியோடு நான்கு முறை படியேறினேன். கதவைப் பாதிதான் திறப்பாள்.

"என் பழைய முகவரி வாசல் காவலுக்கு எதுக்குண்ணா?"

"எல்லாரும் குடுத்துட்டாங்கம்மா. உனக்கு மட்டும் என்ன ரகசியம்?"

"ரகசியம் இல்லண்ணா. பயம்."

பயப்படுகிறவர்களுக்காகத்தானே செயலியே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திறக்கும்போதெல்லாம் தொண்ணூற்றெட்டுச் சதவீதம் என்று அது என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. ஒருத்தியின் பிடிவாதத்தால் என் ஆறு மாத உழைப்பு அரைகுறை.

நான் எதையும் திருடவில்லை. அவளுக்கு வந்த பார்சல் காவலாளியின் மேசையில் கிடந்தது. பழைய முகவரிச் சீட்டின் மேலேயே புதியதை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். நகத்தால் உரித்தேன். அடியில் பழைய முகவரியும் வேறொரு கைப்பேசி எண்ணும் இருந்தன. அந்த எண்ணை அழைத்து, எங்கள் குடியிருப்பின் பெயரைச் சொல்லி அவளைப் பற்றி விசாரித்தேன். ஓர் ஆண் எடுத்தான். குரலில் அத்தனை மரியாதை.

"அவ புருஷன்தாங்க பேசறேன். ரெண்டு வருஷமா தேடறேன். நல்லா இருக்காளா?"

அழுதான், பாவம். நான் கேட்டதையெல்லாம் தயங்காமல் சொன்னான், பிறந்த தேதி உட்பட. பதிலுக்கு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எந்த மாடி.

சொன்னேன். காவலாளி தடுக்கக் கூடாதென்று வருகை அனுமதியும் நானே போட்டேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற கட்டத்தில் அவன் பெயரை ஏற்றியதும் நூறு சதவீதம் வந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு உள்ளே வந்தான். பத்து நாற்பதுக்கு வெளியே போனான். இவ்வளவு துல்லியமாக நேரம் உங்கள் விசாரணைக்குக் கிடைத்தது யாரால் என்று யோசியுங்கள். மாலையில் கதவை உடைத்தபோது அவள் தரையில் கிடந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது.

பத்து இருபதுக்கு அவள் என்னை இரண்டு முறை அழைத்திருக்கிறாள். உண்மைதான். படிவத்துக்காகச் சண்டை போடப்போகிறாள் என்று நினைத்து நான் எடுக்கவில்லை.

அவசரத்துக்கு அழைக்க ஒருவர் வேண்டும் என்று அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், சார். கேட்டாளா?